கசையடித் தூணும் காராமணி வடையும்

கசையடித் தூண்! இப்படியொரு பெயர் தாங்கிய இடத்திலே பாட்டுண்டு, கூத்துண்டு, பலகாரக் கடையுண்டு, பல நாட்டார் கூடிக் களிக்கும் விழாவுமுண்டு. பிரேசில் நாட்டின் பகீயா மாநிலத் தலைநகரான சால்வடோரில், பழைய நகரின் நெஞ்சம் போன்ற பகுதிக்குப் பெலோரின்யோ என்று பெயர். அடிமைகளையும் குற்றவாளிகள் எனப்பட்டோரையும் பிணைத்துவைத்து, ஊரே பார்க்கக் கசையால் அடிக்கும் தூணுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் வழங்கும் பெயர் அது. தூண் போய்விட்டது, பெயர் நிற்கிறது. அடிபட்டோரின் வழித்தோன்றல்களும் நிற்கின்றனர். அவர்களைக் காணவும், அவர்கள் சமைத்ததை உண்ணவும், அவர்கள் முரசொலி கேட்டு மகிழவும் கடல் கடந்து கூட்டங்கூட்டமாக வருகின்றனர், ‘பண்பாட்டுச் சுற்றுலா’ என்னும் பெயரால்.

ஒரு நூலை எடுத்து ஆராய்வதுபோல் இந்தச் சுற்றுலாவையும் எடுத்து ஆராய விரும்புகிறோம். சுற்றுலாவும் ஒரு நூல்தான். அதற்குத் தொடக்கமுண்டு, முடிவுண்டு. கதை சொல்வோர் உண்டு, கதையில் வருவோர் உண்டு. எழுதப்பட்ட பக்கமுண்டு, கிழித்தெறியப்பட்ட பக்கமும் உண்டு. கிழிக்கப்பட்ட பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்பதுதானே திறனாய்வாளன் கடமை?

ஏழு நாள், எட்டு நாள் என வகுக்கப்படும் இச்சுற்றுலாக்களின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ஒரு நாள், வண்ணம் பூசிய பழைய வீடுகளுக்கிடையே நடை. மறுநாள் சமையற் பாடம். மாலையிலே தெருவோரப் பலகாரம். பிறிதொரு நாள் கப்போயெய்ரா என்னும் ஆட்டம், இரவிலே முரசு. இறுதியாக, தப்பியோடிய அடிமைகளின் வழிவந்தோர் வாழும் சிற்றூருக்கு ஒரு பகற்பொழுதுப் பயணம். அங்கே கைகுலுக்கல், நிழற்படம், விடைபெறல்.

பிற மக்களை அறியப் புறப்படுவது பெருங்குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். கடற்கரை மணலிலே கிடந்து, விடுதிச் சுவருக்குள் உண்டு, ஊரைக் காணாமலே ஊர் திரும்புவோரைவிட, உழைக்கும் மக்களின் தெருவுக்கு வருவோர் மேலானவரே. ஆனால் வந்தவர் எதைக் கண்டார், எதைக் காணாதபடி திருப்பிவிடப்பட்டார்? நம் கேள்வி அதுதான்.

தட்டிலிருந்தே தொடங்குவோம்.

அக்கராஜே என்றொரு பலகாரம். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, கை ஓயும்வரை அடித்து, தெந்தே எனப்படும் செம்பனை எண்ணெயில் பொரித்தெடுக்கின்றனர். நம் வீட்டு வடைக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். பொரித்ததைப் பிளந்து, உள்ளே முந்திரியும் நிலக்கடலையும் தேங்காய்ப்பாலும் உலர்ந்த இறாலும் சேர்த்த வட்டப்பா என்னும் கூழையும், வெண்டைக்காய்க் குழைவையும், மிளகாயையும் வைத்துக் கொடுப்பர். மேற்காப்பிரிக்க யோருபா மக்கள் ‘அக்கரா’ என்றழைக்கும் அதே பண்டம்தான் கடல் கடந்து இங்கே அக்கராஜே ஆயிற்று. காராமணியும் வெண்டையும் செம்பனையும் ஆப்பிரிக்காவின் கொடை. முந்திரி பிரேசில் மண்ணுக்கே உரியது. போர்த்துக்கீசியக் கப்பலேறி நம் கரைக்கும் வந்த மரம் அது. தேங்காயோ அதே கப்பல்களில் இந்தியப் பெருங்கடற் கரைகளிலிருந்து அங்கே சென்றது. ஒரு கை அகலப் பலகாரத்துக்குள் மூன்று கண்டங்கள்!

சுற்றுலா வழிகாட்டி இதுவரை சொல்வார். சுவையாகவே சொல்வார். “ஆகா, என்னே பண்பாட்டுக் கலவை!” என்று கூட்டம் வியக்கும். காராமணி கப்பலேறிய கதை சொல்லப்பட்டுவிட்டது. காராமணியை அரைத்த கை கப்பலேறிய கதை எங்கே?

சங்கிலியிட்டுக் கப்பலின் அடித்தட்டிலே அடுக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களுள் பிரேசில் கரையில் உயிருடன் இறக்கப்பட்டோர் மட்டும் ஏறத்தாழ 48 இலட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. வேறெந்த நாட்டுக்கும் இத்துணைப் பேர் கொண்டுசெல்லப்படவில்லை. 1549 முதல் 1763 வரை பிரேசிலின் தலைநகராய் இருந்த சால்வடோர், அந்த வாணிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்று. அங்கே இறக்கப்பட்ட பெண்களைத் தெருவிலே பண்டம் விற்க அனுப்பினர் உடைமையாளர். விற்ற காசில் குறித்த தொகையை நாள்தோறும் அல்லது வாரந்தோறும் எசமானிடம் கட்டவேண்டும்; மீந்தால் அவளுக்கு. அந்த மீதியைக் காசு காசாகச் சேர்த்துத் தன்னைத் தானே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. தன் பிள்ளையை மீட்ட பெண்களும் உண்டு.

எண்ணிப் பாருங்கள்! தன் உடலைத் தானே விலைக்கு வாங்க, அடுப்பின் முன் நின்று வெந்த பெண். அவள் வழிவந்தவள்தான் இன்று வெண்ணிற ஆடை உடுத்து, தலைப்பாகை கட்டி, மணிமாலை பூண்டு, தெருமுனையிலே எண்ணெய்ச் சட்டியின் முன் அமர்ந்திருக்கும் ‘பையானா’. அவள் ஆடையை நிழற்படம் எடுக்கின்றனர். அவள் பாட்டி செலுத்திய விலையை யாரும் கேட்பதில்லை.

இன்னொரு கிழிந்த பக்கம். 1857 சூன் மாதம், சால்வடோர் நகரம் அசைவற்று நின்றது. பீப்பாய் சுமப்போர், மூட்டை சுமப்போர், செல்வரைப் பல்லக்கிலே வைத்துச் சுமப்போர் ஆகிய கறுப்பினச் சுமைதூக்கிகள், அடிமைகளும் விடுதலை பெற்றோரும் ஒன்றாய், சுமையை இறக்கிவைத்துவிட்டனர். ஏன்? அவர்கள் பெயரைப் பதிந்து, கட்டணம் கட்டி, கழுத்திலே உலோகத் தகடு தொங்கவிட வேண்டும் என்று நகராட்சி ஆணையிட்டது. கழுத்திலே தகடு மாட்ட நாங்கள் கால்நடைகளோ என்று கேட்காமல் கேட்டனர் கைகட்டி நின்று. கட்டணம் விலக்கப்பட்ட பின்னும், தகடு விலகவில்லையே என்று போராட்டம் தொடர்ந்தது. ஒரு வாரத்துக்கு மேல் வணிகம் முடங்கிற்று. சங்கமில்லை, சட்டத்தின் துணையில்லை. சொந்த உடலே சொந்தமில்லாதவர் பலர் அக்கூட்டத்தில். ஆயினும் வேலைநிறுத்தம் செய்தனர்!

அவர்கள் சுமைதூக்கி ஏறிய அதே மேட்டுத் தெருக்களிலேதான் இன்று சுற்றுலாக் கூட்டம் மூச்சிரைக்க ஏறுகிறது. எந்த வீட்டுப் பலகணி எந்த நூற்றாண்டுப் பாணி என்று கேட்டறிகிறது. தெருவிலே நடந்த போரை அறியாமல் தெருவின் கல்லை வியப்பது வரலாற்றறிவாகுமா?

1835 சனவரி 24 நள்ளிரவில் தொடங்கி மறுநாள் விடியுமுன் அடக்கப்பட்ட மலே கிளர்ச்சியும் இதே தெருக்களில் நடந்ததே. ஏறத்தாழ 600 ஆப்பிரிக்கர் படைதிரண்டனர். பெரும்பாலோர் இசுலாமியர், அரபு எழுத்தறிந்தோர் பலர். எழுதப் படிக்கத் தெரியாத எசமானர் மலிந்த நாட்டிலே எழுத்தறிந்த அடிமைகள்! தோல்விக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டோர், நூற்றுக்கணக்கான கசையடி பெற்றோர், ஆப்பிரிக்காவுக்கே துரத்தப்பட்டோர் என நீள்கிறது பட்டியல். ‘வாடி வதங்கி வாய்மூடிக் கிடந்த அடிமை’ என்ற கட்டுக்கதையைச் சுட்டெரிக்க இந்த ஓர் இரவு போதும்.

இனி, வீடுகளைக் காண்போம். இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்ப் பளபளக்கும் பெலோரின்யோவின் வீடுகள் ஒரு காலத்தில் கரும்பாலும் அடிமை வாணிகத்தாலும் கொழுத்தோர் மாளிகைகள். செல்வர் புதிய பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபின், இடிந்த சுவருக்குள்ளே ஏழைக் கறுப்பின மக்கள் குடியேறினர். கூரை ஒழுகிற்று, மாடி ஆடிற்று, அரசு திரும்பிப் பார்க்கவில்லை. 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெசுகோ அறிவித்தது. 1990-களில் அரசு திரும்பிப் பார்த்தது. எப்படி? சுவருக்குச் சுண்ணாம்பு வந்தது. சுவருக்குள் இருந்தோருக்கு வெளியேற்றம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறு தொகை கையிலே திணிக்கப்பட்டு நகரின் ஓரங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த அறைகள் கடைகளாயின, உணவகங்களாயின, விடுதிகளாயின. கறுப்பினப் பண்பாட்டின் தொட்டில் என்று பலகை நாட்டினர். தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கி வெளியே வைத்தனர்.

ஆட்டத்துக்கு வருவோம். கப்போயெய்ரா, போராட்டமும் நடனமும் பிரிக்க இயலாதபடி கலந்த கலை. ஒற்றை நரம்பு பூட்டிய வில்லை மீட்டி, வட்டமாய் நின்று பாட, நடுவே இருவர் காலால் பேசிக்கொள்வர். 1890-ஆம் ஆண்டுப் பிரேசில் தண்டனைச் சட்டத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு இருந்தது. தெருவிலே ஆடினால் இரண்டு முதல் ஆறு திங்கள் சிறை, கூட்டத்தலைவனுக்கு இரட்டிப்பு! 1930-களில்தான் பிம்பா என்னும் ஆசான் பள்ளி நிறுவி, 1937-இல் அரசின் ஏற்பைப் பெற்றார். 2014-இல் அதே கலை மாந்தகுலத்தின் மரபுச் செல்வம் என்று யுனெசுகோ பட்டியலில் ஏறிற்று. அன்று ஆடியவன் கைக்கு விலங்கு. இன்று ஆடுபவன் காலடியில் சில்லறை. விலங்குக்கும் சில்லறைக்கும் இடையே நீதி என்ற ஒன்று வந்துபோனதா என்று எந்த நிகழ்ச்சி நிரலாவது கேட்கிறதா?

இங்கே பகுத்தறிவாளராகிய நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. ஆப்பிரிக்கர் கொணர்ந்த தெய்வ வழிபாடுகள் அங்கே கண்டோம்ப்ளே என்ற சமயமாக வளர்ந்தன. அக்கராஜேயும் முதலில் இயான்சா என்னும் காற்றுத் தெய்வத்தின் படையலே. பகீயாவில் இச்சமயத்தின் வழிபாட்டு மனைகள் காவல்துறையில் பதிவு செய்து இசைவு பெற்றே முரசு கொட்டவேண்டும் என்ற நிலை 1976 வரை நீடித்தது. “மூடநம்பிக்கையை அரசு ஒடுக்கினால் உங்களுக்கு மகிழ்ச்சிதானே?” என்று நம்மைக் கேட்பார் உண்டு.

இல்லை, தோழர்களே, இல்லை! நாம் எந்தத் தெய்வத்தின் முன்னும் மண்டியிடுவோர் அல்லர். இயான்சாவுக்கும் நம்மிடம் விலக்கில்லை. ஆனால் கோபுரம் உயர்த்திப் பொன் இழைத்த மாதாகோயிலின் மணிக்குக் காவல்துறை இசைவுச் சீட்டு கேட்டதுண்டா? வெள்ளையன் மணியடித்தால் வழிபாடு, கறுப்பன் முரசடித்தால் குற்றம் என்றால், அங்கே ஒடுக்கப்பட்டது மூடநம்பிக்கையன்று, மனிதன்! நம்பிக்கையை அறிவால் வெல்லவேண்டும், தடியால் அன்று. அதிலும் ஓரினத்தின் நம்பிக்கைக்கு மட்டும் தடி என்பது இனவெறி. அதற்குப் பகுத்தறிவுச் சட்டை மாட்ட எவரையும் விடமாட்டோம்.

பின்னர் வந்த வேடிக்கை ஒன்றும் உண்டு. இயான்சாவின் பெயர் ஒட்டியிருக்கக் கூடாது என்று கிறித்தவ மதப்பற்று மிக்க விற்பனையாளர் சிலர், அதே காராமணி, அதே எண்ணெய், அதே இறால் கொண்ட பண்டத்துக்கு ‘இயேசுவின் உருண்டை’ என்று பெயரிட்டு விற்கத் தலைப்பட்டனர். பசிக்கு மதமில்லை, பலகாரத்துக்கு மட்டும் ஞானத்தீட்சை!

“உண்டு களிக்க வந்தவனிடம் ஒப்பாரி வைக்கச் சொல்கிறீர்களே! சுற்றுலாவால் வருமானம் வருகிறது. அந்த ஏழைகளுக்கும் நாலு காசு கிடைக்கிறது. அரசியலை அடுப்பங்கரைக்கு ஏன் இழுக்கிறீர்கள்?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும், விடை சொல்வோம்.

நாலு காசு வருகிறது, மெய். யாருக்கு நாலு, யாருக்கு நாலாயிரம்? 2014 உலகக் கால்பந்துப் போட்டிக்குச் சால்வடோர் ஆயத்தமானபோது நடந்ததை நினைவூட்டுகிறோம். 2005-இல் பையானாக்களின் தொழிலை நாட்டின் மரபுச் செல்வம் என்று பிரேசில் அரசே பதிவேட்டில் ஏற்றியிருந்தது. அந்தச் செல்வத்துக்குக் கிடைத்த மதிப்பு என்ன? உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, விளையாட்டரங்கைச் சுற்றிலும் விளம்பரப் பணம் கட்டிய பெருநிறுவனங்களுக்கே விற்பனை உரிமை. ஆண்டாண்டாய் ஃபோன்ட்டி நோவா அரங்கிலே அக்கராஜே விற்ற பெண்கள் வெளியே நிற்கவேண்டும்! அவர்கள் ஒடுங்கிப் போகவில்லை. சங்கமாய்த் திரண்டனர், கையெழுத்துத் திரட்டினர், வெண்ணிற ஆடையிலேயே வீதிக்கு வந்தனர். 2013-இல் அவர்களுள் சிலருக்கேனும் அரங்கில் விற்க இடம் தந்தே ஆகவேண்டியதாயிற்று. அரசியலை அடுப்பங்கரைக்கு இழுத்தது நாமா? அடுப்பையே தெருவிலிருந்து தூக்கியெறியப் பார்த்த அந்த ஒப்பந்தம் அரசியல் இல்லையா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். தழும்பை மட்டுமே காட்டு, கண்ணீரை மட்டுமே காட்டு என்று நாம் கேட்கவில்லை. துன்பத்தைக் கடைவிரிப்பதும் ஒரு வாணிகமே. சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக் கண் கசிந்து, விடுதிக்குத் திரும்பி உறங்குவதால் யாருக்கு நன்மை? அம்மக்கள் அடிபட்டவர் மட்டுமல்லர்; ஆடியவர், பாடியவர், ஆக்கியவர். 1974-இல் லிபர்தாதே என்னும் பகுதியின் கறுப்பின இளைஞர் இலே ஐயே என்ற முரசுக் குழுவை அமைத்து, அடுத்த ஆண்டு மக்கள் விழாவிலே கறுப்பழகைப் பாடிக்கொண்டு தெருவிலே இறங்கினர். “கறுப்பு அழகு” என்று சொன்னதற்காகவே இனவெறியர் என்று ஏசப்பட்டனர்! அந்த மகிழ்ச்சியும் போராட்டந்தான். ஆகவே மகிழ்ச்சியைக் காட்டுங்கள். அதன் முகவரியோடு காட்டுங்கள்.

இறுதியாக, சுற்றுலாவின் கடைசி நாளுக்கு வருவோம், கிலோம்போ என்னும் சிற்றூருக்கு.

தப்பியோடிய அடிமைகள் காட்டிலும் மலையிலும் நிறுவிய குடியிருப்புகளே கிலோம்போக்கள். அவற்றுள் பெரும்புகழ் பெற்ற பல்மாரெசின் தலைவன் சும்பி 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்டான். அந்த நாள் 2024 முதல் பிரேசில் முழுதும் பொது விடுமுறை. நன்று! 1888 மே 13-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்தச் சட்டத்தில் இரண்டே பிரிவுகள். ஒன்று, அடிமைமுறை ஒழிந்தது என்றது. மற்றொன்று, மாறான சட்டங்கள் நீங்கின என்றது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்கு ஒரு பிடி மண்ணில்லை, ஒரு நாட் கூலியில்லை. சரியாக 100 ஆண்டு கழித்து, 1988 அரசமைப்புச் சட்டந்தான் கிலோம்போ வழிவந்தோர் வாழும் நிலம் அவர்க்கே உரியது, அரசு பட்டா வழங்கவேண்டும் என்று எழுதிற்று.

எழுதியது நடந்ததா? 2022 மக்கட்கணிப்பில் முதன்முறையாகக் கிலோம்போ மக்கள் தனியே எண்ணப்பட்டனர். 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர். மாநிலங்களுள் பகீயாவிலேதான் மிகப் பலர், ஏறத்தாழ 4 இலட்சம். முழுமையாய்ப் பட்டா வழங்கப்பட்ட நிலத்தில் வாழ்வோர் எத்தனை பேர்? 100 பேரில் 5 பேர்கூட இல்லை!

பட்டா கேட்டவருக்கு என்ன கிடைத்தது? சால்வடோரை அடுத்த சிமோயெசு ஃபில்யோவில் பிதாங்கா தொசு பல்மாரெசு என்ற கிலோம்போ இருக்கிறது. அதன் தலைவி பெர்னதேத்தி பசீஃபிகோ, 72 வயது மூதாட்டி. நிலத்துக்காகவும், 2017-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தம் மகனுக்கு நீதி வேண்டியும் ஓயாது குரல் கொடுத்தவர். அச்சுறுத்தல் உண்டென்று அரசே அறிந்து, பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திருந்தது. 2023 ஆகத்து 17 அன்று அவர் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கழுத்துத் தகடும் கசையும் நெடுங்காலத்துக்கு முந்தியவை என்று ஆறுதல் கொள்வோரே, இந்த ஆண்டைப் பாருங்கள். இது நம் காலம். ‘ஆப்பிரிக்கத் தலைநகரம்’ என்று சால்வடோர் தன்னை உலகுக்கு விளம்பரப்படுத்திக்கொண்டிருந்த காலம். பண்பாட்டுக்கு வரவேற்பு வளைவு. பண்பாட்டுக்குரியவளுக்குத் துப்பாக்கிக் குண்டு. இந்த முரணைச் சொல்லாத சுற்றுலா எத்துணைச் சுவையான உணவை அளித்தாலும், அரைப்பட்டினி போட்டே நம்மை அனுப்புகிறது. வயிறு நிறைகிறது, அறிவு பசித்திருக்கிறது.

மாற்று உண்டா? உண்டு. சால்வடோரிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் கஷோயெய்ரா நகரம். அதையடுத்து இகுவாப்பே பள்ளத்தாக்கு. அங்கே கவோன்கே முதலான கிலோம்போ மக்கள் ‘விடுதலை வழி’ என்ற பெயரில் தாங்களே சுற்றுலா நடத்துகின்றனர். செம்பனைப் பழத்தை இடித்து எண்ணெய் எடுப்பதை அவர்களே காட்டுகின்றனர். சிப்பி வளர்ப்பதை விளக்குகின்றனர். முதியோர் வாயாலேயே ஊர் வரலாறு சொல்லப்படுகிறது. வருவோர் விருந்தினர், நடத்துவோர் உரிமையாளர். வழிகாட்டி வேறு, காட்சிப்பொருள் வேறு என்ற பிரிவே அங்கே எழவில்லை. ஏழைகளால் இயலாது, இடையிலே தரகன் வேண்டும் என்போர் வாயை அடைக்க இந்த ஓர் எடுத்துக்காட்டுப் போதாதா?

ஆகவே, ஒடுக்கப்பட்டோர் பண்பாட்டைக் காட்டுகிறேன் என்று வரும் எந்தச் சுற்றுலாவையும், அது எந்த நாட்டில் நடப்பினும், மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். கதையைச் சொல்வது யார் வாய்? காசைப் பெறுவது யார் கை? கால் பதிக்கும் மண் யார் பெயரில்? முதல் இரண்டுக்கும் நல்ல விடை கிடைத்து, மூன்றாவதற்கு விடையில்லையேல், அது பாதிப் பயணம். மூன்றுக்குமே விடையில்லையேல், அது பயணமன்று, படையெடுப்பு. வாளுக்குப் பதில் கையிலே நிழற்படக் கருவி, அவ்வளவே வேறுபாடு.

உலகைக் காணப் புறப்படும் இளைஞர்களே! செல்லுங்கள், கட்டாயம் செல்லுங்கள். கிணற்றுத் தவளையாய் இருப்போர்க்கு நாம் பரிந்து பேசவில்லை. பையானாவின் கையிலிருந்து சுடச்சுட அக்கராஜேயை வாங்கி உண்ணுங்கள். பேரம் பேசாது கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். கொடுத்தபின் உடனே நகர்ந்துவிடாதீர்கள். அவள் எங்கே குடியிருக்கிறாள், அவள் வீட்டை எடுத்துக்கொண்டது யார், அவள் ஊருக்குப் பட்டா வந்ததா என்று கேளுங்கள். கேட்ட விடையை ஊர் திரும்பி எழுதுங்கள், மேடையிலே பேசுங்கள். உண்ட சுவை நாவோடு போகும். கேட்ட கேள்வி நாட்டோடு நிற்கும்.